ஓர் ஆறு, இரண்டு எஜமானர்கள்

1863 மார்ச் மாதத்தில் ஓர் இரவு. அமெரிக்காவில் வடக்கு மாநிலங்களுக்கும் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கிறது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே சதுப்புக் காட்டுக்குள், அடர்ந்து கிடக்கும் நாணலை விலக்கிக்கொண்டு வடக்குப் படையின் சிப்பாய்கள் நடந்துபோகிறார்கள். கையில் எரியும் மெழுகுவத்தி, அதைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, விடிந்ததும் மறுபடி நடை. சதுப்பில் தண்ணீர் இடுப்பளவு ஏறும் இடங்களில் தோட்டாப் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்; முரசடிக்கும் பொடியன்கள் முரசைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள். கூடவே நடந்து வருகிறார் மேஜர் ஜெனரல் வில்லியம் ஷெர்மன்.

இவ்வளவு பாடும் எதற்கு என்றால், கடற்படையைக் காப்பாற்ற.

காட்டுக்குள் கடற்படைக்கு என்ன வேலை? மிசிசிப்பிக் கரையில் தெற்கின் கையில் இருந்த விக்ஸ்பர்க் கோட்டையை நேராகத் தாக்க முடியாததால், ஓடைகள் வழியாகச் சுற்றிப் போய் அதன் பின்பக்கம் வந்துவிடலாம் என்று ரியர் அட்மிரல் டேவிட் டிக்சன் போர்ட்டர் ஐந்து இரும்புக் கவசப் படகுகளோடு உள்ளே நுழைந்திருந்தார். ஒவ்வொரு படகும் 175 அடி நீளம், 51 அடி அகலம். டீர் கிரீக் என்ற அந்த ஓடையோ, படகுக்கு இரண்டு பக்கமும் மரக்கிளை உரசும் அளவுக்குக் குறுகலானது. முன்னால் மரங்களை வெட்டிப் போட்டு வழியை மறித்த தெற்குப் படை, பின்னாலும் போய் வெட்ட ஆரம்பித்தது. திரும்பவும் இடமில்லை. போர்ட்டர் ஒரு மெல்லிய காகிதத்தில் நிலைமையை எழுதினார். அதைப் புகையிலைக்குள் மறைத்து எடுத்துப்போய் ஷெர்மனிடம் சேர்த்தார் ஒரு கறுப்பின மனிதர். கையில் இருந்த 800 பேரை உடனே அனுப்பிவிட்டு, மிச்ச ஆட்களைக் கூட்டிவர ஷெர்மன் தனியாக ஒரு சிறு ஓடத்தில் கிளம்பினார். அப்படிக் கூட்டிவந்த ஆட்களோடுதான் அந்த மெழுகுவத்தி நடை. படகுகள் சுக்கானைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமாகவே நகர்ந்து ஒருவழியாக வெளியே வந்தன.

கதை சுவாரசியமானதுதான். ஆனால் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. போர்ட்டருக்கு ஷெர்மனைக் கூப்பிட எந்த அதிகாரமும் கிடையாது. ஷெர்மனுக்கோ அவருடைய மேலதிகாரி யுலிசிஸ் கிராண்டுக்கோ போர்ட்டரிடம் ஒரு படகை இந்தப் பக்கம் நகர்த்து என்று உத்தரவிடும் உரிமையும் கிடையாது. தரைப்படை போர்த்துறைச் செயலர் எட்வின் ஸ்டாண்டனுக்குக் கீழே, கடற்படை அதன் செயலர் கிடியன் வெல்ஸுக்குக் கீழே. இரண்டு துறைக்கும் பொதுவான மேலதிகாரி ஒரே ஆள்தான்: வாஷிங்டனில் உட்கார்ந்திருந்த ஆபிரகாம் லிங்கன். களத்தில் இரண்டு படைக்கும் சேர்த்து ஒரு தளபதி என்ற ஏற்பாடே அமெரிக்கச் சட்டத்தில் அப்போது இல்லை. போர்ட்டருக்குக் கட்டளையிட எனக்கு இருந்த அதிகாரம், எனக்குக் கட்டளையிட அவருக்கு இருந்த அதிகாரத்தை விடக் கூடுதல் இல்லை என்று கிராண்ட் பின்னாளில் எழுதினார். அதாவது இரண்டு பக்கமும் பூஜ்யம்.

கடைசியில் விக்ஸ்பர்க் வடக்கிடம் விழுந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் மேற்குக் களத்தில் இதைவிடப் பெரிய வெற்றி இல்லை எனலாம். அது இப்படிப்பட்ட ஓர் அமைப்பில் இருந்து எப்படி வந்தது?

முதலில் ஆற்றைப் பார்த்துவிடுவோம். 1862 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸ் வடக்கின் கைக்கு வந்தது, ஜூனில் மெம்பிஸ். நடுவில் விக்ஸ்பர்க்கும் அதற்குத் தெற்கே போர்ட் ஹட்சனும் மட்டும் தெற்கிடம் மிஞ்சின. அந்த இடைப்பட்ட ஆற்றுப் பகுதி வழியாகத்தான் டெக்சாஸ், லூசியானா, ஆர்கன்சாவில் இருந்து மாடும் தானியமும் கிழக்கே போய்க்கொண்டிருந்தன. விக்ஸ்பர்க் இருப்பது உயர்ந்த மேட்டில். அதன் காலடியில் ஆறு கொண்டை ஊசி வளைவாகத் திரும்புகிறது. வடக்கே யாசூ ஆற்றின் சதுப்பு. கப்பல் மட்டும் வைத்து இந்த ஊரைப் பிடிக்க முடியாது. இதற்கு அட்மிரல் ஃபராகட் சாட்சி. 1862 கோடையில் கடலில் இருந்து தன் கப்பல்களோடு விக்ஸ்பர்க் வரை ஏறி வந்தார். கூட வந்த தரைப்படை சுமார் 3,000 பேர். போதாது, இன்னும் ஆள் அனுப்புங்கள் என்று கேட்டார். மேற்கில் பெரும்படையை வைத்திருந்த ஜெனரல் ஹாலெக் கைவிரித்துவிட்டார். ஃபராகட் திரும்பிப் போனார். தரைப்படை மட்டும் வைத்தும் பிடிக்க முடியாது. ஆற்றைக் கடக்கவும், சாப்பாடு கொண்டுவரவும் படகு வேண்டும்.

படகு யாருடையது? இதில்தான் குழப்பமே.

மேற்கு ஆறுகளில் ஓடிய பீரங்கிப் படகுகள் முதலில் கடற்படையின் சொத்தே அல்ல. 1861 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் ஒப்பந்ததாரர் ஜேம்ஸ் ஈட்ஸிடம் ஏழு கவசப் படகுகளுக்கு ஒப்பந்தம் போட்டது தரைப்படை. பணம் கொடுத்தது தரைப்படையின் குவார்ட்டர்மாஸ்டர் துறை, அதாவது வண்டி, குதிரை, கூடாரம், தீனி எல்லாவற்றையும் வாங்கிக் கொடுக்கும் துறை. நடத்துவதற்கு மட்டும் கடற்படை அதிகாரிகளைக் கடன் வாங்கினார்கள். ஆக, கடற்படை கேப்டன் ஆண்ட்ரூ ஃபுட் ஓட்டிய படகுகளுக்கு முதலாளி தரைப்படை. மாலுமிகளிலோ ஆற்றுப் படகோட்டிகள், கடலோடிகள், ரெஜிமென்டில் இருந்து பிடித்துவந்த சிப்பாய்கள் என்று எல்லாரும் கலவை.

தகுதிக் கணக்கு இன்னொரு தலைவலி. கடற்படை கேப்டன் என்றால் தரைப்படைக் கர்னலுக்குச் சமம். ஊருக்கு ஊர் புதிதாக நியமிக்கப்பட்ட பிரிகேடியர் ஜெனரல்கள் அலைந்துகொண்டிருந்த காலம் அது. அவர்களில் யார் வேண்டுமானாலும் என் வேலையில் தலையிடலாம் என்று ஃபுட் நொந்துகொண்டார். 1861 நவம்பரில் அவரைக் கொடி அதிகாரியாக, அதாவது ஜெனரல்களுக்குச் சமமான பதவிக்கு, உயர்த்தினார்கள். அதன்பிறகுதான் கொஞ்சம் மூச்சுவிட்டார். 1862 பிப்ரவரியில் ஹென்றி கோட்டையை அவருடைய படகுகளே வீழ்த்தின. சேற்றுப் பாதையில் கிராண்டின் காலாட்படை வந்து சேர்வதற்குள் கோட்டை சரணடைந்துவிட்டது. பத்து நாளில் டோனல்சன் கோட்டையில் கதை தலைகீழ். அங்கே படகுகள் அடிபட்டுப் பின்வாங்கின, ஃபுட்டும் காயமடைந்தார், கோட்டையைப் பிடித்தது தரைப்படை. இருவரும் பாடம் கற்றுக்கொண்டார்கள் என்பது இதற்குப் பிறகு கிராண்ட் நடந்துகொண்ட விதத்தில் தெரிகிறது.

இந்தக் கலவையில் மூன்றாவதாக ஒரு படையும் இருந்தது. சார்லஸ் எல்லெட் என்ற கட்டுமானப் பொறியாளர், வேகமான நீராவிப் படகுகளின் முகப்பைக் கெட்டியாக்கி, எதிரிப் படகுகளை முட்டியே உடைக்கலாம் என்று ஸ்டாண்டனை நம்பவைத்தார். அவருக்குக் கர்னல் பதவி கிடைத்தது. அதிகாரிகளில் அவருடைய சொந்தக்காரர்களும் உண்டு. உத்தரவு வருவது நேரடியாக ஸ்டாண்டனிடம் இருந்து. பக்கத்திலேயே நிற்கும் கடற்படைக்கும் அவர் கட்டுப்பட்டவர் அல்ல. 1862 ஜூன் 6-ம் தேதி மெம்பிஸ் முன்னால் இவருடைய முட்டுப் படகுகள் யாரையும் கேட்காமல் பாய்ந்தன. எதிரே வந்த தெற்குப் படகுக் கூட்டமும் இதே மாதிரிதான். ஆற்று நீராவிப் படகுக் கேப்டன்கள் நடத்திய கூட்டம் அது. கடற்படை அதிகாரிகளுக்கு அடங்க மாட்டோம் என்று சொல்லித் தரைப்படையின் கீழ் இருந்தார்கள். மேட்டில் நின்று ஊரே வேடிக்கை பார்க்க, எட்டில் ஏழு தெற்குப் படகுகள் போயின. எல்லெட் காலில் குண்டடிபட்டு, சில நாட்களில் இறந்தார். ஒழுங்கில்லாமல் இரண்டு கூட்டம் மோதினால் ஏதாவது ஒன்று ஜெயித்துத்தானே ஆக வேண்டும்! அதை வைத்து அமைப்பு நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது.

1862 அக்டோபர் 1-ம் தேதி ஆற்றுப் படகுகள் முறைப்படி கடற்படைக்கு மாற்றப்பட்டன. அந்த மாதமே போர்ட்டர் பொறுப்பேற்றார். அவருடைய நிலையான பதவி கமாண்டர். அதாவது ஏறக்குறைய லெப்டினன்ட் கர்னல். அவரைத் தற்காலிக ரியர் அட்மிரல் ஆக்கியதில் தலைக்கு மேல் இருந்த சீனியர்கள் பலர் ஒரே நாளில் கீழே போனார்கள். ரியர் அட்மிரல், மேஜர் ஜெனரலுக்குச் சமம். இனி எந்தப் பிரிகேடியரும் வாய் திறக்க முடியாது. எல்லெட் குடும்பத்தின் முட்டுப் படகுகள் யாருக்கு என்று ஸ்டாண்டனும் வெல்ஸும் பிடித்த சண்டையை நவம்பரில் லிங்கனே தீர்த்துவைத்தார்: போர்ட்டருக்குக் கீழே. ஆறேழு படகு யாருக்குக் கீழே என்பதற்கு நாட்டின் ஜனாதிபதி உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது என்றால், அமைப்பின் லட்சணம் புரியும்.

தரைப்படைப் பக்கமும் சுத்தமாக இல்லை. இலினாயின் அரசியல்வாதியும் ஜெனரலுமான ஜான் மெக்கிளர்னண்ட், லிங்கனிடம் தனியாகப் பேசி ஓர் அனுமதி வாங்கிவிட்டார்: மேற்கு மாநிலங்களில் புதிதாக ஆள் சேர்த்து, விக்ஸ்பர்க் மீது தானே படையெடுப்பது. அது கிராண்டின் எல்லைக்குள் வரும் ஊர்; ஆனால் கிராண்டுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. மெக்கிளர்னண்ட் சேர்த்து அனுப்பிய ரெஜிமென்டுகள் மெம்பிஸ் வந்து இறங்க இறங்க, ஷெர்மன் அவற்றைக் கப்பலேற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். தளபதி மெம்பிஸ் வந்து பார்த்தால் படையைக் காணோம். அந்த அவசரத்துக்கு விலையும் இருந்தது. டிசம்பர் கடைசியில் சிக்கசா பேயூ மேட்டில் ஷெர்மன் முட்டிப் பார்த்து 1,776 பேரை இழந்தார். அவருக்குத் துணையாகத் தரைவழியே வரவேண்டிய கிராண்டின் சரக்குக் கிடங்கை ஹோலி ஸ்பிரிங்ஸில் தெற்குக் குதிரைப்படை அதற்கு முன்பே கொளுத்திவிட்டிருந்தது.

ஜனவரியில் ஆர்கன்சா போஸ்ட் என்ற இடத்தில் மெக்கிளர்னண்டும் போர்ட்டரும் சேர்ந்து கிட்டத்தட்ட 4,800 பேரைச் சிறைபிடித்தார்கள். வெற்றிதான், ஆனால் மெக்கிளர்னண்டோடு ஒத்துப்போக முடியாது என்று ஷெர்மனும் போர்ட்டரும் முடிவுகட்டிவிட்டார்கள். நீங்களே நேரில் வந்துவிடுங்கள் என்று கிராண்டுக்குக் கடிதம் போனது. கடற்படை அதிகாரியின் வாக்கு, தரைப்படையில் யார் தலைமை என்பதில் எடைபோட்டது. விதிப்புத்தகத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. ஜனவரி 30-ம் தேதி கிராண்ட் நேரடியாகப் பொறுப்பேற்றார்.

அவர் கையில் இருந்தது டென்னசி சேனை. நான்கு கோர்கள்: 13-வது மெக்கிளர்னண்டுக்கு, 15-வது ஷெர்மனுக்கு, 17-வது மெக்பெர்சனுக்கு, 16-வதை வைத்துக்கொண்டு ஹர்ல்பட் மெம்பிஸில் பின்புறத்தைக் காத்தார். கோருக்குள் டிவிஷன், டிவிஷனுக்குள் பிரிகேட், பிரிகேடுக்குள் ரெஜிமென்ட். ரெஜிமென்டில் காகிதக் கணக்குக்கு ஆயிரம் பேர், நடைமுறையில் பாதி இருந்தாலே அதிசயம். இந்தப் படிநிலை எல்லாப் போர் வரலாற்றிலும் இருக்கும். அதில் நிற்க வேண்டாம். கவனிக்க வேண்டியது இதன் ஓரத்தில் இருந்தவை. சிப்பாய்களை ஏற்றிச்சென்ற நீராவிப் படகுகள் போர்ட்டருடையவை அல்ல. குவார்ட்டர்மாஸ்டர் வாடகைக்குப் பிடித்தவை, ஓட்டியவர்கள் சம்பளத்துக்கு வந்த சிவிலியன்கள். அவற்றுக்குக் காவலாக முன்னும் பின்னும் போனவை கடற்படையின் தகரப் படகுகள். துப்பாக்கிக் குண்டைத் தாங்குமளவு மட்டும் மெல்லிய இரும்புத் தகடு போட்டவை. அதாவது ஒரே படகு வரிசையில், காவல் படகுக்கு ஒரு துறை, சரக்குப் படகுக்கு இன்னொரு துறை.

இந்தப் பிளவு எங்கே வலித்தது, எப்படிச் சமாளித்தார்கள் என்பதற்கு ஏப்ரல் மாதம் நல்ல உதாரணம். கால்வாய் வெட்டிப் பார்த்தாயிற்று, ஏரி வழி பார்த்தாயிற்று, ஓடை வழியும் பார்த்தாயிற்று. கிராண்டின் கடைசி யோசனை: படை மேற்குக் கரையோடு தெற்கே நடக்கட்டும், போர்ட்டரின் படகுகள் இரவில் விக்ஸ்பர்க் பீரங்கிகளுக்கு முன்னாலேயே கடந்து கீழே வரட்டும், அங்கே ஆற்றைக் கடக்கலாம். போர்ட்டர் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். கீழே போனால் திரும்பி வர முடியாது. கவசத்தின் பாரத்தோடு, ஓட்டத்தை எதிர்த்து இந்தப் படகுகள் ஊர்ந்துதான் ஏறும். பீரங்கிக்கு முன்னால் ஊர்வது தற்கொலை. ஆகவே, வேண்டுமா என்று நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். முடியாது என்று அவர் சொல்லியிருந்தால் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. கிராண்டின் நெருங்கிய நண்பரான ஷெர்மனே இந்தத் திட்டம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்த நேரம். போர்ட்டர் சம்மதித்தார்.

ஏப்ரல் 16 இரவு. எட்டுப் போர்ப்படகுகள், மூன்று சரக்குப் படகுகள். பக்கவாட்டில் நிலக்கரித் தெப்பங்களைக் கட்டினார்கள்; பஞ்சுப் பொதியும் வைக்கோல் கட்டும் அடுக்கினார்கள்; புஸ்புஸ் சத்தம் கேட்காமலிருக்க நீராவியைத் துடுப்புச் சக்கரக் கூட்டுக்குள் திருப்பிவிட்டார்கள். இருந்தும் தெற்குக் காவலர்கள் பார்த்துவிட்டார்கள். எதிர்க்கரையில் வீடுகளைக் கொளுத்தி ஆற்றையே பகலாக்கிவிட்டுச் சுட ஆரம்பித்தார்கள். திட்டமே வேண்டாம் என்று சொன்ன அதே ஷெர்மன், சதுப்பு வழியாக நான்கு சிறு படகுகளை இழுத்துவந்து கீழே ஆற்றில் காத்திருந்தார், தண்ணீரில் விழுகிறவர்களைத் தூக்க. ‘ஹென்றி கிளே’ என்ற சரக்குப் படகு எரிந்துபோனது. பலகையைப் பிடித்து மிதந்துவந்த அதன் வழிகாட்டியை அவர்தான் தூக்கினார். போர்ப்படகு ஒன்றுகூட மூழ்கவில்லை.

சில நாள் கழித்து இன்னும் ஆறு சரக்குப் படகுகளை அதே வழியாக அனுப்ப வேண்டியிருந்தது. சிவிலியன் மாலுமிகளில் பெரும்பாலானவர்கள் மறுத்துவிட்டார்கள். வாடகைப் படகு ஓட்ட வந்தவனைப் பீரங்கிக்கு முன்னால் போ என்றால் அவன் ஏன் போக வேண்டும்? கிராண்ட் ரெஜிமென்டுகளில் கேட்டுப் பார்த்தார். கேப்டன் வேலை, வழிகாட்டி வேலை, எஞ்சின் வேலை, கட்டை அள்ளிப் போடும் வேலை எல்லாவற்றுக்கும் சிப்பாய்கள் கையைத் தூக்கினார்கள்; தேவைக்கு ஐந்து மடங்கு ஆட்கள் கிடைத்தார்கள். இலினாயும் மிசூரியும் ஆற்றங்கரை மாநிலங்கள். சீருடைக்குள் இருந்தவர்களில் நிறையப் பேர் பழைய ஆற்றுக்காரர்கள். ஆறில் ஒரு படகு போனது, ஐந்து வந்து சேர்ந்தன.

ஏப்ரல் 29-ம் தேதி, விக்ஸ்பர்க்குக்குக் கீழே கிராண்ட் கல்ஃப் என்ற ஊரில் இருந்த தெற்கின் பீரங்கிகளைப் போர்ட்டர் ஐந்து மணி நேரத்துக்கு மேல் அடித்தும் அடக்க முடியவில்லை. அங்கே கரையேறினால் ரத்த ஆறுதான். சரி, இன்னும் கீழே போவோம் என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். வாஷிங்டனுக்குத் தந்தி அடித்துக் கேட்கவில்லை. கிழக்குக் கரையில் புரூயின்ஸ்பர்க்கில் இறங்கினால் உள்ளே நல்ல ரோடு இருக்கிறது என்று சொன்னவரும் ஒரு கறுப்பின மனிதரே. மறுநாள் காலையில் சரக்குப் படகுகளோடு சேர்ந்து போர்ப்படகுகளும் பரிசல் மாதிரி ஆட்களை ஏற்றி இறக்கின. முதல் நாளே ஏறத்தாழ 17,000 பேர் கரையேறினார்கள், ஒரு குண்டும் வெடிக்காமல். அதே சமயத்தில் விக்ஸ்பர்க்குக்கு வடக்கே, யாசூ ஆற்றில் போர்ட்டரின் மிச்சப் படகுகளும் ஷெர்மனின் ஆட்களும் சேர்ந்து பொய்த்தாக்குதல் காட்டி, எதிரியின் பார்வையை அந்தப் பக்கம் இழுத்து வைத்திருந்தார்கள்.

அப்புறம் பதினேழு நாட்கள் கதை முழுக்கத் தரையில்: போர்ட் கிப்சன், ரேமண்ட், ஜாக்சன், சாம்பியன் ஹில், பிக் பிளாக். ஊரைச் சுற்றிவளைத்து ஷெர்மனின் ஆட்கள் யாசூ மேட்டை மறுபடி எட்டியதும், முதல் வேலையாகக் கடற்படையோடு தொடர்பு பிடித்தார்கள். வயிறு அங்கேதான் இருந்தது. 47 நாள் முற்றுகையில் போர்ட்டரின் மார்ட்டர் படகுகள், அதாவது குண்டை உயரே எறிந்து விழவைக்கும் குட்டைப் பீரங்கி ஏற்றிய படகுகள், 13 அங்குலக் குண்டுகளை ஊருக்குள் போட்டபடி இருந்தன. கடற்படைப் பீரங்கிகளைக் கரைக்கே இழுத்துவந்து ஷெர்மனின் அணியில் நிறுத்தி, மாலுமிகளே சுட்டார்கள். அந்த மாலுமிகளுக்குத் தலைமை தாங்கியவர் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ். முந்தைய டிசம்பரில் யாசூ ஆற்றில் நீருக்கடிக் கண்ணிவெடியில் சிக்கி, பன்னிரண்டு நிமிடத்தில் மூழ்கிய ‘கெய்ரோ’ கவசப் படகின் கேப்டனும் இவர்தான். படகு போனவருக்குக் கரையில் வேலை கிடைத்தது. கெய்ரோவை 1960-களில் ஆற்றடியில் இருந்து தூக்கினார்கள். இன்றும் விக்ஸ்பர்க் தேசிய ராணுவப் பூங்காவில் அதன் மரச்சட்டத்தைப் பார்க்கலாம்.

தெற்கின் பக்கம் போனால், காகிதத்தில் அவர்களுடைய அமைப்பு இன்னும் ஒழுங்கானது என்றுகூடச் சொல்லிவிடலாம். விக்ஸ்பர்க்கில் பெம்பர்டன், அவருக்கு மேலே மேற்குப் பகுதி முழுவதற்கும் ஜோசப் ஜான்ஸ்டன், அவருக்கு மேலே ஜனாதிபதி ஜெபர்சன் டேவிஸ். ஆனால் டேவிஸ் ஊரை விடாதே என்றார். ஜான்ஸ்டன் வெளியே வந்து என்னோடு சேர் என்றார். பெம்பர்டன் இரண்டையும் பாதிப் பாதி செய்து, சாம்பியன் ஹில்லில் தோற்று, ஊருக்குள் அடைந்துகொண்டார். இன்னொரு பெரிய தவறு வரைபடத்தில். நிர்வாகப் பகுதிகளைப் பிரிக்கும்போது மிசிசிப்பி ஆற்றையே எல்லைக்கோடாகப் போட்டுவிட்டார்கள். எதைக் காக்க வேண்டுமோ அதுவே வேலி. மேற்குக் கரைப் படை வேறொரு தளபதியிடம் இருந்தது. அங்கிருந்து ஆள் வேண்டும் என்று ஜான்ஸ்டன் 1862 டிசம்பரிலேயே கேட்டார். டேவிஸ் உத்தரவாகப் போடாமல் வேண்டுகோளாக அனுப்பினார். ஜெனரல் ஹோம்ஸ் முடியாது என்றார். கடைசியில் 1863 ஜூன் 7-ம் தேதி, மேற்குக் கரையில் கிராண்டின் சரக்குத் தளமாக இருந்த மில்லிகன்ஸ் பெண்டை மேற்குக் கரைப் படை தாக்கியபோது, கிராண்டின் சரக்குப் பாதை ஏற்கெனவே யாசூ பக்கம் மாறிவிட்டிருந்தது. அங்கே அவர்களை எதிர்த்து நின்றவர்கள் புதிதாகச் சேர்ந்த கறுப்பினச் சிப்பாய்கள். அவர்களுக்குப் பின்னால் ஆற்றில் நின்று சுட்டவை போர்ட்டரின் இரண்டு படகுகள்.

தெற்குக்குக் கடற்படையும் இல்லாமல் இல்லை. யாசூவில் ஐசக் பிரவுன் என்ற லெப்டினன்ட் அரும்பாடுபட்டு முடித்த ‘ஆர்கன்சா’ கவசப் படகு, 1862 ஜூலையில் வடக்கின் இரண்டு படகுக் கூட்டங்களுக்கு நடுவே சுட்டுக்கொண்டே புகுந்து விக்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தது. மூன்று வாரத்தில், தரைப்படை ஜெனரல் ஒருவரின் தாக்குதலுக்கு உதவச் சொல்லி, எஞ்சின் சரியில்லாத அதை பேட்டன் ரூஜுக்கு அனுப்பினார்கள். பிரவுன் அப்போது நோய்ப் படுக்கையில். போகிற வழியில் எஞ்சின் நின்றது. எதிரி கையில் சிக்காமலிருக்க மாலுமிகளே கொளுத்திவிட்டார்கள். இங்கே தரைப்படை உத்தரவு போட்டது, படகும் கீழ்ப்படிந்து போனது. போர்ட்டரிடம் கிராண்ட் செய்ய முடியாத காரியம் இது. செய்ய முடியாமல் போனதால் ஒவ்வொரு முறையும் அவர் போய்க் கேட்டார். இயலுமா, எஞ்சின் தாங்குமா, திரும்ப முடியுமா என்று பதில் வந்த பிறகே திட்டம் நகர்ந்தது.

1863 ஜூலை 4-ம் தேதி பெம்பர்டன் சரணடைந்தார். 29,495 பேர் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். கடற்படை இல்லாமல் இரண்டு மடங்கு ஆள் இருந்திருந்தாலும் முடிந்திருக்காது என்று கிராண்ட் பின்னர் எழுதினார். கிராண்டை நிரந்தர ராணுவத்தில் மேஜர் ஜெனரல் ஆக்கினார்கள். போர்ட்டரின் தற்காலிக ரியர் அட்மிரல் பதவியை நிரந்தரமாக்கினார்கள். சமமான பதவிகள். இரண்டு ஆணையிலும் போட்டிருந்த தேதி ஒன்றே: 1863 ஜூலை 4.